சாம்பல் பூத்த பக்கம்

புதுவயல், இரவு ஒன்பதரை. அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கிறேன். வளவு முற்றத்தில் விளக்கில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் அரிசி ஆலை ஓடுகிறது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்காது, நின்றால்தான் தெரியும். அவித்த நெல்லின் வாசமும் அப்படித்தான். பல வருடம் வெளியூரில் இருந்துவிட்டு வந்ததால் இரண்டும் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

கைபேசியை வளவுத் தூணடியில் வைத்துவிட்டு வந்தேன். அதில் ஓடுவது பெங்களூரின் இருவர் குழு சல்க் ஸ்டேஷனின் ‘டில் யூ அப்பியர்’, 2012-ல் வந்த ஆல்பம். தன்வி ராவின் குரல், ராகுல் கிரியின் மின்னிசை. சினிமாவின் கை பிடிக்காமல் இவர்களே செய்துகொண்ட இசை இது. நீ தோன்றும்வரை என்று பெயர் வைத்துவிட்டு, அந்த ‘வரை’ எவ்வளவு நீளம் என்பதைத்தான் முழுக்கப் பாடுகிறார்கள். தாளம் வருகிறது, நிற்கிறது, அடுத்த அடி எப்போது என்று நாம் காத்திருக்கிறோம். குரலில் இந்துஸ்தானி சாயல் உண்டு. ஆனால் கச்சேரியில் போல அது ஏறி வந்து நம்மைப் பிடிப்பதில்லை. பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்வதுபோல இருக்கிறது.

•

இந்த வகை இசைக்கு ட்ரிப் ஹாப் என்ற பெயர் 1994-ல் ஒரு பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையில் வந்தது. இசைக்காரர்கள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பெயரை விடுவோம். துறைமுக நகரமான பிரிஸ்டலில் கரீபியக் குடும்பங்கள் கொண்டுவந்த ரெகே, அதன் பெரிய ஒலிபெருக்கிகள், அமெரிக்க ஹிப் ஹாப், பழைய சோல் தட்டுகள் எல்லாம் ஒரே தெருக்களில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வேகம் குறைந்து, இப்படி ஆயின. மாசிவ் அட்டாக்கின் ‘ப்ளூ லைன்ஸ்’ 1991-ல் வந்தது. அது உருவான ஸ்டூடியோவில் எடுபிடி வேலை பார்த்த பையன் ஜெஃப் பாரோ, பிறகு பெத் கிப்பன்ஸோடு சேர்ந்து ஒரு குழு தொடங்கினார். அதற்குத் தான் வளர்ந்த சிற்றூரின் பெயரையே வைத்தார்: போர்டிஸ்ஹெட். பிரிஸ்டலுக்குப் பக்கத்து ஊர், காரைக்குடிக்குப் புதுவயல் மாதிரி. இதைப் படித்த நாளிலிருந்து அந்தக் குழுவின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

•

கைபேசியின் சின்னச் சத்தம் இந்த வீட்டில் எப்படி இவ்வளவு பெரிதாகிறது? சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய சுவர்கள். ஒலியை அவை உள்ளே வாங்குவதில்லை. தரையும் அப்படியே. சாமான்கள் போய்விட்டன, ஆட்களும் போய்விட்டார்கள். நாற்பது பேர் சாப்பிட்ட வீட்டில் ஓர் அடி விழுந்தால் அது நான்கு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. வேகமான பாட்டு இங்கே குழம்பிவிடும்; முயன்று பார்த்திருக்கிறேன். இந்த இசைக்கு மட்டும் வீடு பதில் சொல்ல நேரம் இருக்கிறது.

•

‘டம்மி’ (1994) பற்றி ஒரு செய்தி என்னை விடுவதில்லை. போர்டிஸ்ஹெட்காரர்கள் தாங்களே வாசித்துப் பதிவு செய்ததை வினைல் தட்டாக அச்சிட்டு, அந்தத் தட்டைத் தரையில் போட்டு அதன்மேல் நடந்தார்கள். கீறல் விழவேண்டும். பிறகு அதைச் சுழலவிட்டு, அந்தக் கரகரப்போடு சேர்த்துப் பாட்டில் வைத்தார்கள். நேற்று வாசித்ததற்கு நாற்பது வருட வயது கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த ஆல்பத்துக்கு மெர்குரி பரிசு கிடைத்தது.

இதை ஒரு தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெத் கிப்பன்ஸ் பாடுவது ஒரு தனிமையை. அதன் அடியில் அந்தக் கரகரப்பு ஓடும்போது, இந்தத் துக்கத்தை நமக்கு முன்னாலும் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. துணை வந்துவிடுகிறது.

•

காலையில் ஆலைக் களத்துக்குப் போனேன். இப்போது பல ஆலைகளில் டிரையர் வந்துவிட்டது. இங்கே இன்னும் கொஞ்சம் நெல்லை வெயிலில் காயப்போடுகிறார்கள். ஓர் அக்கா காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். பாதம் போன வழியெல்லாம் கோடு கோடாய். முழுக் களமும் ஒரு பெரிய தட்டு மாதிரி தெரிந்தது எனக்கு. சர்... சர்... ஒரே நிதானம்.

“காஞ்சிருச்சான்னு எப்படிக்கா தெரியும்?”

“கடிச்சுப் பாப்போம். கால்லயே சத்தம் மாறிரும் தம்பி. ஈரமா இருந்தா கம்முன்னு கெடக்கும்.”

வேகமாக நடந்தால் என்ன என்று கேட்டேன். நெல் புரளாது, ஒதுங்கிவிடும் என்றார்.

•

மத்தியானம் காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு. பழம்பொருள் கடைகளில் எங்கள் வீடுகள் துண்டு துண்டாக இருக்கின்றன: நிலைக்கதவு, எனாமல் தூக்குச்சட்டி, கிராமபோன் குழல். ஒரு மூலையில் இசைத்தட்டுகள். இந்த ஊர்க்காரர் ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வைத்து இசைத்தட்டு விற்றவர். பிறகு காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார், 1947-ல் வெளிவந்தது. டி.கே. பட்டம்மாள் அதில் பாரதி பாடினார்.

நான் எடுத்த தட்டில் லேபிள் உரிந்துபோய், பாடியவர் பெயர் இல்லை. அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். கடைக்காரரிடம் டார்ச் வாங்கிச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கறுப்பாக, பளபளவென்று. மறுபக்கம் சாம்பல் பூத்திருந்தது. இரும்பு ஊசி திரும்பத் திரும்ப ஓடித் தேய்ந்த நிறம். யாரோ ஒருவருக்கு அந்தப் பக்கம்தான் வேண்டியிருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சாவி கொடுத்து, ஊசி மாற்றி.

வாங்கிக்கொண்டேன். ஓடவிட என்னிடம் பெட்டி இல்லை.

•

இரவு. தட்டை, சாம்பல் பக்கம் மேலே இருக்க, தூணடியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் கைபேசி. தன்வி ராவ் பாட ஆரம்பிக்கிறார். ஆலை இன்னும் நிற்கவில்லை.