நாய்க்கு அளித்த வாக்கு

உணவைக் காட்டிப் பெறும் கீழ்ப்படிதல் உண்மையான கீழ்ப்படிதலாகுமா? அது கையூட்டுக் கொடுத்து வாங்கிய பணிவன்றோ? நாயைப் பழக்குவோரை நோக்கிச் சிலர் எழுப்பும் இவ்வினா, மாணவர்க்குப் பரிசளிக்கும் ஆசிரியரையும் தொடுவதால் நம் சிந்தனைக்குரியதாகிறது.

பழக்கும் முறை எளிது. ரொட்டித் துண்டொன்றை நாயின் மூக்கருகே பிடித்து, தலைக்கு மேலாக மெல்லப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். மூக்கு உணவைத் தொடர்ந்து உயரும். பின்னுடல் தானே தாழும். அது அமர்ந்த நொடியிலேயே துண்டைக் கொடுத்துவிட வேண்டும். சில முறை பழகியபின் 'உட்கார்' என்னும் சொல்லைச் சேர்க்கலாம். கொடுக்கத் தாமதித்தால், எச்செயலுக்காக அது கிடைத்தது என்பது நாய்க்கு விளங்காது.

கையூட்டு, ஒருவனைக் கடமையிலிருந்து வழுவச் செய்யக் கொடுப்பது. இதுவோ நற்செயலைச் சுட்டிக்காட்டக் கொடுப்பது. நம் மொழியறியாத உயிரிடம் 'நன்று செய்தாய்' என்று சொல்லத் தொடக்கத்தில் நமக்குள்ள சொல் உணவு ஒன்றே. எனவே குற்றம் உணவில் இல்லை. அது வேறோரிடத்தில் உள்ளது என்பதை நான் சிறுவயதில் கற்றேன்.

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் நாங்கள் வாழ்ந்த காலம் அது. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் என் தந்தையாரைப் பின்தொடர்ந்து எங்கள் நாயும் வெட்டுக்காட்டிற்குச் செல்லும். 'வா' என்றால் ஓடி வர அதனை ரொட்டித் துண்டு கொடுத்து நான் பழக்கியிருந்தேன். பின்னர் லயத்துச் சிறுவர்கள் சிரிக்க வேண்டுமென்று, வெறுங்கையை மூடிக் காட்டி அதை அழைக்கலானேன். அது ஓடிவந்து என் விரல்களை முகர்ந்து ஏமாந்து நிற்கும். நாங்கள் நகைப்போம்.

ஒரு நாள் செம்மண் பாதையில் பால் லோரி விரைந்து வந்தது. 'வா, வா' என்று கதறினேன். நாய் என் கையைப் பார்த்தது, அசையாது நின்றது. உயிர் தப்பியது, ஆனால் எஞ்சிய நாளெல்லாம் மூன்று கால்களால் நடந்தது. தந்தையார் என்னை அடிக்கவில்லை. "நாயி சொன்ன சொல்ல மறக்கலடா, நீதான் மறந்துட்ட" என்றார்.

1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் பாவ்லோவ் தம் ஆய்வுக்கூட நாய்களிடம் இதனையே கண்டார். உணவுக்கு முன்னறிவிப்பான ஒலியைக் கேட்டதும் அவற்றின் வாயில் உமிழ்நீர் ஊறிற்று. ஒலி வந்தும் உணவு வராத நிலை தொடர்ந்தபோது, ஊறுவதும் படிப்படியாக நின்றது. பொய்த்த குறிப்பை உடலே நம்ப மறுக்கிறது.

அவ்வாறாயின் என்றென்றும் உணவு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமோ? வேண்டியதில்லை. பழகியபின் சில வேளை உணவும், பல வேளை தடவலும் இன்சொல்லுமே போதும். கொடாமை குற்றமன்று, கொடுப்பதாகக் காட்டிக் கொடாமையே குற்றம். இன்சொல்லால் அழைத்து, வந்ததும் அடிப்பதும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

இக்குற்றத்தின் கசப்பை அறியாதவரல்லர் நம் முன்னோர். மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களுக்குக் கங்காணிகள் தமிழகத்தில் ஆள் திரட்டினர். அவர்களுக்கு ஆள் கணக்கில் தரகு கிடைத்தது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு தடை விதிக்கும் வரை, இனிய சொற்களை நம்பிக் கப்பலேறியோர் எத்தனையோ பேர்! வந்திறங்கியபின் பலர் கண்டது மூடிய கையுள் இருந்த வெறுமையையே. மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. கேட்பவர் யாராயினும் சொல்பவனின் கடமை ஒன்றே என்பதே என் கருத்து.

கால் ஆறியபின் அந்நாயை மீண்டும் அழைத்துப் பழக்கினேன். முதலில் கற்பிக்கச் சில நாட்களே ஆயின. இழந்த நம்பிக்கையை மீட்கவோ பல மாதங்கள் ஆயின. அதன்பின்னும் அது என் கையை முகர்ந்து பார்த்த பிறகே முகத்தைப் பார்க்கும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்க்குப் பரிசளிக்கலாமா என்று வாதிடுமுன், அளிப்பதாகச் சொன்னதை அளிக்கின்றோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.