ஒரே பெயர் பூண்ட நூல்கள்

நூலின் பெயர் அதன் வாயிற்படி போன்றது. படியை மிதித்த அளவிலேயே உள்ளிருப்பது இன்னதென்று படிப்போர் ஒரு முடிவு செய்துகொள்கின்றனர். ஆயின் ஒரே பெயரைப் பூண்ட நூல்கள் பல ஒருவர் கைக்கு எட்டுமாயின் அம்முடிவு நிலைகுலையும். அவற்றுள் ஒன்று நடந்தவற்றை உரைக்கும் வரலாறாகவும், மற்றொன்று ஆசிரியர் புனைந்த கதையாகவும் இருப்பின், எதனை மெய்யென்று கொள்வது என்னும் வினா எழும். இவ்வினா புத்தக அலமாரியோடு ஒழிவதன்று. மனிதரைப் பெயர்கொண்டு மதிக்கும் நம் வழக்கத்தையும் அது தொடுவதால், அதனைச் சிறிது ஆராய விழைகின்றோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் பெயர் ‘கூலி’ என்பது. நம் மொழியில் இச்சொல் செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறிப்பது. வள்ளுவரும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் முயற்சியின் பயனைக் கூறுமிடத்து இதனைப் பெருமை தோன்றவே ஆண்டிருக்கின்றார். ஆங்கிலத்திலோ ‘கூலி’ என்பது ஊதியத்தை விட்டு, ஊதியம் பெறும் ஆளையே குறிப்பதாயிற்று. அவ்வாங்கிலச் சொல் தமிழினின்று சென்றதென்பார் சிலர். குஜராத்துப் பகுதியில் வாழும் கோலி என்னும் வகுப்பாரின் பெயரினின்று பிறந்ததென்பார் சிலர். எங்ஙனம் பிறந்ததாயினும், 19 ஆம் நூற்றாண்டில் அது தமிழரையும் பீகாரியரையும் சீனரையும் ஜாவா மக்களையும் ஒருங்கே கட்டும் கயிறாயிற்று. கையிற் பெற்ற காசு, பெற்றவன் நெற்றியிலே பெயராக ஒட்டிக்கொண்டது.

இப்பெயர் தாங்கி 1871 ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. எட்வர்டு ஜென்கின்ஸ் என்னும் வழக்கறிஞர் எழுதிய அதன் பெயரைத் தமிழிற் சொல்லின், ‘கூலி: அவன் உரிமைகளும் அவன் உற்ற தீங்குகளும்’ என்றாகும். தென்னமெரிக்காவிலுள்ள பிரிட்டிஷ் கயானாவிலே, ஒப்பந்தத்தாற் கட்டுண்டு கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்தியரின் நிலையை ஆராய 1870 இல் ஓர் அரசாங்க விசாரணைக் குழு அமர்ந்தது. அடிமை முறையை எதிர்த்த சங்கத்தாரின் சார்பில் ஜென்கின்ஸ் அங்குச் சென்று, கண்டும் கேட்டும் அறிந்தவற்றை நூலாக வரைந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1877 இல், அவரே அந்தக் கயானாத் தோட்டங்களைக் களமாக வைத்து ‘லச்சுமியும் டில்லுவும்’ என்னும் நாவலையும் எழுதினார். சான்றுகளை அடுக்கி நூலெழுதிய வழக்கறிஞருக்குக் கதை எதற்கு? ஒருவனுக்கு எத்தனை நாட் சம்பளம் பிடிக்கப்பட்டது என்பதை அறிக்கை சொல்லும். சம்பளம் பிடிபட்ட அன்றிரவு அவனும் அவன் மனையாளும் என்ன பேசிக்கொண்டனர் என்பதற்கு அறிக்கையில் இடமில்லை.

பின்னர் 1936 ஆம் ஆண்டில், ‘கூலி’ என்னும் ஒற்றைச் சொல்லையே பெயராகக் கொண்ட இரு நாவல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. ஒன்று முல்க் ராஜ் ஆனந்த் எழுதியது. காங்ரா மலைநாட்டில் தாய் தந்தையரை இழந்த முன்னு என்னும் சிறுவன், வீட்டு வேலை, ஊறுகாய்த் தொழிற்சாலை, பம்பாய்ப் பஞ்சாலை எனச் சுழன்று, கடைசியில் சிம்லாவில் ரிக்ஷா இழுத்து, காசநோயால் இளமையிலேயே மாள்கின்றான். மற்றொன்று மதலோன் லூலோஃப்ஸ் என்னும் டச்சு மாதின் நாவலுடைய மொழிபெயர்ப்பு. மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலுள்ள சுமத்திராவின் டெலிப் பகுதிக்கு ஆசைகாட்டிக் கொண்டுசெல்லப்பட்ட ருக்கி என்னும் ஜாவாக்காரனின் கதை அது. பெயர் ஒன்று, தோல் நிறமும் தெய்வமும் தாய்மொழியும் வேறு வேறு. இவ்விருவரையும் ஒரு சொல்லுக்குள் அடைத்தது எதுவெனின், இருவரையும் விலைக்குக் கொண்டோரின் கணக்கு என்க.

நம் சீர்திருத்த அன்பர்களுட் சிலர், “கதை என்பது பொய், கட்டுக்கதைகளாலன்றோ நம் சமூகம் கெட்டது? அறிக்கையும் வரலாறுமே நமக்கு வேண்டுவன” என்பர். அவர்தம் அச்சம் நியாயமானதே. ஆயினும் இரு வகைக் கதைகளைப் பிரித்தறிதல் வேண்டும். நடவாததை நடந்ததென்று நம்பச் சொல்லி, நம்பாதவனைப் பாவியென்று பழித்து, அந்நம்பிக்கையால் ஒருவன் பிழைப்பு நடத்துவானாயின், அக்கதை பொய். ‘இது நான் புனைந்தது’ என்று முகப்பிலேயே ஒப்புக்கொண்டு, நம் அறிவையும் இரக்கத்தையும் மட்டும் கேட்கும் கதை பொய்யன்று.

உண்மை அறிக்கைகளின் கதியையும் நோக்குக. டெலித் தோட்டங்களின் கொடுமைகளை வான் டென் பிராண்டு என்னும் வழக்கறிஞர் 1902 இல் ஒரு சிறு நூலால் வெளிப்படுத்தினார். அதன்மேல் டச்சு அரசாங்கம் ரெம்ரெவ் என்னும் அதிகாரியை அனுப்பி ஆராயச் செய்தது. 1904 இல் முடிந்த அவரது அறிக்கை பொதுமக்கள் கண்ணிற் படாது வைக்கப்பட்டது. யான் பிரேமன் என்னும் அறிஞர் 1987 இல் தம் நூலோடு சேர்த்து அதனை அச்சேற்றினார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மெய் பெட்டியில் உறங்கிற்று; அக்காலத்தின் பெரும்பகுதியில் உலகத்தார் கையில் உலவியது லூலோஃப்ஸ் எழுதிய கதையே. மெய்யுரைக்கும் வகையைச் சேர்ந்தது என்பதனாலேயே ஒரு நூல் மெய்யை ஊருக்குச் சொல்லிவிடாது. சொல்ல விடுவாரும் வேண்டும்.

இதுகொண்டு நாவலே உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடுதலும் பொருந்தாது. லூலோஃப்ஸ் அம்மையார் தோட்ட அதிகாரிகளின் மனைவியாக டெலியில் வாழ்ந்தவர். ருக்கியின் உள்ளத்தை அவர் பங்களாவின் தாழ்வாரத்திலிருந்தே நோக்கினார். ஆனந்த் அவர்கள் ஏழைகள்பால் மெய்யான அன்புடையவர். ஆயினும் இலண்டனிற் கற்ற அறிஞர். ஜென்கின்ஸ் ஆங்கிலேயர். ‘கூலி’ என்று பெயரிட்ட இந்நூல்களுள் ஒன்றேனும் அப்பெயரால் அழைக்கப்பட்டவன் கையால் எழுதப்பட்டதன்று. அழைத்தவரும், அழைத்ததைக் கண்டு இரங்கியவரும் எழுதினர், அழைக்கப்பட்டவன் எழுதவில்லை.

இக்குறையை உணர்ந்த நூல் ஒன்று 2013 இல் வெளிவந்தது. கயானாவிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கையுத்திரா பகதூர் என்னும் பத்திரிகையாளர் எழுதிய ‘கூலிப் பெண்’ என்பதே அது. அவருடைய முப்பாட்டியார் 1903 இல், வயிற்றிற் கருவோடு, கணவன் துணையின்றிக் கல்கத்தாவிற் கப்பலேறியவர். அரசாங்க ஏடுகளில் அப்பெண்ணின் உடலடையாளம் உண்டு. அவர் ஏன் புறப்பட்டார் என்பது இல்லை. அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், ஆசிரியர் வினாக்களை வினாக்களாகவே நிறுத்துகின்றார். நேர்மையான வரலாறு இத்தகையதே. அவர் அவ்விழிசொல்லையே நூற்பெயராகக் கொண்டதும் கருதத்தக்கது. வசைபெற்ற குடியிற் பிறந்தவர் அவ்வசையைத் தாமே எடுத்து அணிவது ஒன்று; வசைபாடியவர் அதனை மீண்டும் எறிவது முற்றிலும் வேறு. 2025 இல் இரஜினிகாந்த் நடிப்பில் வெளிவந்த ‘கூலி’ என்னும் திரைப்படத்திலும் அப்பெயர் வீரமுழக்கமாகவே ஒலிக்கின்றது.

தோட்டத்திற் கணக்கெழுதும் தொழிலையுடைய நமக்கு இவ்வுண்மை நாள்தோறும் கண்முன் நிற்பது. செக்ரோலில் பொய்யான வரி ஒன்றுமில்லை: பெயர், எண், வந்த நாள், வெட்டிய நிரை, பெற வேண்டிய பணம். அத்தனையும் மெய். ஆயினும் அவ்வேட்டை ஆயிரம் முறை புரட்டினும் ஒரு மனிதனையேனும் அறிந்தோமென்று சொல்ல இயலாது. பிழையில்லாத ஏடு வேறு, முழுமையான ஏடு வேறு.

இனி, நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மலாயாவுக்கு இந்தியரை ஒப்பந்தத்தில் கொண்டுவரும் முறை 1910 இல் ஒழிந்தது. சாதிப் பட்டங்களைப் பெயரினின்று நீக்க வேண்டுமென்று 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பிறர் இட்ட பெயர்களின் கொடுமையை நம்மைவிட நன்கறிந்தார் யார்? அவ்வாறிருக்க, இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியாவினின்றும் வங்காள தேசத்தினின்றும் வந்து உழைப்போரை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம்? அவரவர்க்குத் தாய் இட்ட பெயர் உண்டென்பதை எத்தனை பேர் கேட்டறிந்தோம்? நம் பாட்டன்மார் கழற்றியெறிந்த கயிற்றை நாமே எடுத்துப் பிறர் கழுத்தில் மாட்டுவோமாயின், நாம் படித்த நூல்களால் ஆன பயன் யாது?

ஆதலின் நேயர்காள், ஒரே பெயருடைய நூல்களைக் கண்டால் ஒன்றோடு நின்றுவிடாதீர்கள். அறிக்கையையும் நாவலையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று காட்டும், ஒன்று மிகைப்படுத்தியதை மற்றொன்று திருத்தும். மனிதரிடத்தும் அங்ஙனமே ஒழுகுங்கள். நூலகங்களில் இன்னும் இடம்பெறாத ஒரு ‘கூலி’ உண்டு. அதனை எழுத வல்லோர் நம் லயன் வீடுகளில் இன்றும் இருக்கின்றனர். முதியோர் பலர், கேட்பாரின்றி, அதனை நெஞ்சிலேயே சுமந்து மறைகின்றனர். படித்த இளைஞர் அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுவாராக. அந்நூலுக்குப் பெயரிடும் உரிமையை மட்டும் அவர்க்கே விட்டுவிடுவாராக.