எதிரே வருபவனின் கண்

இருட்டில் வெளிச்சம் தேடுவது குற்றமா? ஆம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விளக்கை உயர்த்திப் பிடிப்பவனை உலகம் என்றும் வாழ்த்தியே வந்திருக்கிறது. எனினும், என் விளக்கு எனக்கு வழி காட்டும் அதே நொடியில் எதிரே வருபவனின் வழியை மறைத்துவிடுமானால், அதை விளக்கு என்று அழைப்பது தகுமா? இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. என் தங்கை வீட்டு வாசலில், ஒரு பழைய காரின் முன்னே பிறந்தது.

என் மைத்துனருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் இருமுறை தஞ்சாவூர் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ள வேண்டிய நிலை. காலை ஆறு மணிக்கு முதல் முறை. ஆகவே நான்கு மணிக்கெல்லாம் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். வண்டியை ஓட்டுபவன் அவருடைய மகன். கார் பழையது, முகப்பு விளக்கின் மேல்மூடி வெயிலில் காய்ந்து மஞ்சளேறிப் புகைபடிந்தாற்போல் ஆகிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் நடுச்சாலையில் படுத்திருந்த மாடு கடைசி நொடியில்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் பிரேக்கை அழுத்திய வேகத்தில் நோயாளியான தந்தையின் நெற்றி முன்பலகையில் மோதியது. அன்றே அவன் முடிவு செய்துவிட்டான், விளக்கை மாற்றுவதென்று.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவனே அவ்வேலையைச் செய்தான். பானெட்டைத் திறந்து, இணைப்பைக் கழற்றி, ரப்பர் மூடியை உரித்து, கம்பிக் கொக்கியை விடுவித்துப் பழைய பல்பை வெளியே எடுத்தான். புதிதாக வாங்கிய எல்.இ.டி. பல்புகளை அவ்விடத்தில் செருகினான். அரை மணி நேர வேலை. கைக்கு எட்டாத மூலையில் அவனுக்கு வெளிச்சம் தெரியும்படி டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்தி சாய்ந்ததும் அவன் விசையைத் தட்டினான். எதிர்ச் சுவர் பட்டப்பகல்போல் வெளுத்தது. "நல்ல காரியம் செய்தாய், தம்பி" என்று நான் மனமார வாழ்த்தினேன்.

ஒரு மாதம் கழிந்தது. மஃரிபுக்குப் பின் அடுத்த ஊரிலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். வாய்க்காலை ஒட்டிய சாலை. தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே ஒரு கார் வந்தது. அதன் வெள்ளொளி முகத்தில் அறைந்த கணத்தில், சாலையின் ஓரம், வாய்க்காலின் கரை, எனக்கு முன்னே புல்லுக்கட்டுடன் நடந்து போய்க்கொண்டிருந்த மூதாட்டி, எல்லாம் மறைந்தன. காலை ஊன்றி நின்றுவிட்டேன். கார் கடந்து போன பின்பும் கண்ணுக்குள் வெள்ளைத் திரையே தொங்கியது. பார்வை மீண்டபோது, அந்த மூதாட்டி என் முன்சக்கரத்திலிருந்து ஒரு முழத் தொலைவில், கையால் கண்ணை மூடியபடி நின்றிருந்தார். "யார் பெத்த புள்ளையோ அய்யா, கண்ணை அவிச்சுட்டுப் போறான்" என்றார். அக்கார் யாருடையதோ நானறியேன். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும், என் கையிலிருந்த டார்ச் விளக்குத்தான் எனக்கு நினைவு வந்தது.

கண் எவ்வாறு காண்கிறது என்பது பழைய வினா. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகின்றன என்று கிரேக்க அறிஞர் பலர் எண்ணியிருந்தனர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய கிதாபுல் மனாழிர் என்னும் ஒளிநூலில் இக்கருத்தை மறுத்தார். ஒளியே பொருளிலிருந்து கண்ணை நோக்கி வருகிறது என்று நிறுவினார். அதற்கு அவர் முதலில் எடுத்துக்கொண்ட சான்று யாதெனில், மிகுந்த ஒளியைக் கண்டால் கண் வலிக்கிறது என்னும் எளிய அனுபவமே. கதிர் கண்ணிலிருந்து புறப்படுவதாயின், கண்ணே தன்னை ஏன் நோகச் செய்துகொள்ள வேண்டும்?

இவ்வறிவியல் உண்மைக்குள் ஓர் அறவுண்மையும் அடங்கியிருக்கக் காண்கிறேன். கண் கொடுப்பதன்று, பெறுவது. அது திறந்த வாயில். இமை என்னும் கதவு அதற்கு உண்டெனினும், வண்டி ஓட்டுபவன் அக்கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. ஆகவே சாலையில் நான் ஏந்திச் செல்லும் ஒளி, அனுமதி கேளாமலே மற்றவன் வீட்டிற்குள் நுழைகிறது. இருளுக்குப் பழகிய கண் தன் முழு உணர்வைப் பெறுவதற்கு இருபது முப்பது நிமிடங்கள் ஆகின்றன. அதைக் கெடுப்பதற்கு ஒரு நொடி போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடுகிறான். மூன்று நொடி கண் தெரியாமற்போனால், 50 மீட்டர் தூரம் அவன் குருடனாகவே ஓட்டுகிறான். முதியோர்க்கோ, கண்ணின் ஆடி தெளிவு குன்றி ஒளியைச் சிதறடிப்பதால், கூச்சமும் மிகுதி, மீளும் காலமும் மிகுதி.

தமிழில் ஒளி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வெளிச்சம் என்பது ஒன்று. மறைந்துகொள் என்பது மற்றொன்று. வெளிச்சமும் மறைப்பும் ஒரே சொல்லில் எவ்வாறு சேர்ந்தன என்று மாணவப் பருவத்தில் வியந்ததுண்டு. இரண்டு கார்கள் ஒன்றையொன்று நோக்கி வெள்ளொளியைப் பாய்ச்சி நிற்க, இடையே சாலையைக் கடப்பவன் இருவர் கண்ணுக்கும் தெரியாமற் போவதைக் கண்டபின் அந்த வியப்பு நீங்கியது. அவன் ஒளிக்குள் ஒளிந்துபோகிறான். தானே விரும்பியன்று, நாம் மறைத்ததனால்.

மறுநாள் என் மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் அறிவுள்ள பிள்ளை. எதிர்வாதமின்றி எதையும் ஏற்கமாட்டான்.

"மாமா, வாப்பாவுக்காகத்தானே செய்தேன்? அழகுக்காகவா செய்தேன்?" என்றான். "எதிரே வருபவர்கள் அத்தனை பேரும் என் கண்ணில் அடிக்கிறார்கள். நான் மட்டும் மங்கலான விளக்கோடு போனால் அழிவு எனக்குத்தானே? அதோடு, எதிரே வண்டி கண்டால் நான் டிம் செய்கிறேனே!"

நேயர்களே, மூன்றும் நேர்மையான வாதங்கள். கடைசி வாதத்தை முதலில் பார்ப்போம். அவன் காரில் இருந்தது எச்-4 என்னும் வகைப் பல்பு, 1971இல் அறிமுகமானது. அதனுள்ளே இரண்டு இழைகள் உண்டு: தொலைவு ஒளிக்கு 60 வாட், தாழ்ந்த ஒளிக்கு 55 வாட். தாழ்ந்த ஒளிக்குரிய இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கும். மேல்நோக்கிப் போகக்கூடிய ஒளியை அது தடுத்துவிடும். முடியளவு மெல்லிய இழை எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தைக் கணக்கிட்டே பின்னாலுள்ள பிரதிபலிப்புக் கிண்ணம் வளைக்கப்பட்டிருக்கிறது. இழை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கதிர் தன் ஒழுங்கை இழக்கும். எல்.இ.டி. பல்பிலோ, ஒளிரும் சில்லுகள் ஒரு தட்டையின் இரு பக்கங்களில் ஒட்டப்பட்டுள்ளன. அவ்விரண்டுக்கும் இடையே தட்டையின் தடிப்பு நிற்கிறது. பழைய இழைக்கென அமைந்த கிண்ணத்தில் அதைப் பொருத்தினால், டிம் செய்தபோதும் ஒளி சிதறி மேலே கிளம்புகிறது. விசையைத் தட்டினான் என்பது உண்மை; தாழ்த்தினான் என்பது உண்மையன்று.

இனி முதல் வாதம். எண்ணம் தூயது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணத்தின் தூய்மை செய்பவனைப் பழியிலிருந்து காக்குமேயன்றி, பாதிக்கப்பட்டவனைத் தீங்கிலிருந்து காக்காது. அதனாலன்றோ, அறியாமல் பிறர் பொருளை அழித்தவனும் அதற்கு ஈடு செய்தாக வேண்டும் என்று சட்டநூலார் வகுத்தனர்! பாவம் இல்லாமற் போகலாம். கடன் இல்லாமற் போவதில்லை. மேலும், தீங்கு நேர்வதை அறியாத வரையில்தான் எண்ணம் ஒரு சமாதானமாகும். அறிந்த பின்பும் தொடர்ந்தால், அந்த அறிவும் எண்ணத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இரண்டாம் வாதமே கடினமானது. எல்லோரும் தீங்கு செய்யும் இடத்தில் நான் மட்டும் ஏன் அடங்கியிருக்க வேண்டும்? அரபுச் சட்ட அறிஞர்கள் இதற்கு ஒரு விதி வகுத்துள்ளனர்: ஒரு தீங்கை அதே போன்ற மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்பதே அதன் கருத்து. என் கண்ணைக் குருடாக்கியவனை நான் திருப்பிக் குருடாக்கினால், குருடரின் தொகை ஒன்றிலிருந்து இரண்டாகுமேயன்றி, என் பார்வை திரும்பாது. அவ்விருவரும் எதிரெதிரே பாய்ந்து வருகின்றனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்! எதிரியின் கண் தெளிவாயிருப்பதே என் உயிருக்குக் காவல்.

ஆயினும், தன்னலக் கணக்கோடு இவ்வறத்தை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏனெனில் அந்தப் புல்லுக்கட்டு மூதாட்டியால் எந்தக் காருக்கும் ஆபத்தில்லை. அவரைக் குருடாக்கியவனுக்கு இழப்பு ஏதுமில்லை. அவரிடம் விளக்கும் இல்லை, இரும்புக் கூடும் இல்லை. திருப்பி அடிக்க இயலாதவனின் கண்ணைக் காப்பதிலன்றோ அறம் தன்னை நிறுத்துப் பார்க்கிறது!

அடங்கியிருப்பவனுக்கு நட்டமே இல்லை என்று சொல்லி இளைஞனை ஏமாற்ற நான் விரும்பவில்லை. நட்டம் உண்டு. அதனால்தான் இது தனி மனிதர் நற்குணத்துக்கு மட்டும் விட்டுவிடத்தக்க செய்தியன்று. நம் நாட்டின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனங்களைத் தம் விருப்பம்போல் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. பல்புகளுக்கு இசைவு உண்டு. ஆனால் இன்ன பல்பு இன்ன கார் வகையில் கதிரொழுங்கைக் கெடுப்பதில்லை என்று சோதித்தறிந்த பின்னரே அந்த இசைவு. புதுமையை அவர்கள் விலக்கவில்லை. எதிரே வருபவனையும் சாட்சியாக வைத்துக்கொண்டு ஏற்றார்கள். முன்பெல்லாம் நம் சாலைகளில் ஓடிய லாரி, பேருந்துகளின் முகப்பு விளக்கில் மேற்பகுதிக்குக் கறுப்புப் பூசியிருந்ததை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கறுப்பு, முகமறியாத ஒருவனுக்காக ஒவ்வொருவனும் தன் ஒளியில் செலுத்திய வரி.

என் மருமகன் வெகுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "சோதித்துப் பார்ப்போம், மாமா" என்றான். அன்றிரவு மதரசாவின் மதிலுக்கு நேரே, 10 மீட்டர் தொலைவில், சமதரையில் காரை நிறுத்தினோம். விளக்கின் உயரத்தை அளந்து மதிலில் கரியால் ஒரு கோடிட்டோம். அதற்குக் கீழே 10 செண்டிமீட்டரில் மற்றொரு கோடு. டிம் ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். புதிய பல்பின் ஒளிக்கோ விளிம்பே இல்லை. மதில் முழுவதும் பரவி, வேப்பமரத்தின் கிளைகளிலும் ஏறியிருந்தது. அவன் அதை நெடுநேரம் பார்த்தான். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய வகைப் பல்பையே புதிதாக வாங்கிப் போட்டான். மஞ்சளேறிய மூடியை வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றினான். பேட்டரியிலிருந்து தடித்த கம்பியும் ரிலேயும் வைத்து, பல்புக்கு முழு மின்சாரமும் சேரும்படி செய்தான். திருகாணியைத் திருப்பித் திருப்பி, ஒளியின் விளிம்பைக் கரிக்கோட்டில் நிறுத்தினான். அம்முறையும் டார்ச் விளக்கைப் பிடித்தவன் நானே. வெளிச்சம் முன்னையினும் நன்று, எல்.இ.டி. தந்த பகட்டு மட்டும் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய, இப்போது அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கால்மணி நேரம் முன்னதாகப் புறப்படுகிறான். வாரம் இருமுறை இழக்கும் அந்தக் கால்மணி நேர உறக்கமே அவன் தருகின்ற விலை. அதைச் சிறிதென்று நான் எண்ணவில்லை.

பிறர்மேல் கொள்ளும் பரிவுக்கு நம் முன்னோர் கண்ணோட்டம் என்று பெயரிட்டனர். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அருளுக்குரிய சொல்லைக் கண்ணிலிருந்து எடுத்தது காரணமின்றி அன்று. என் கண் உன்மேல் ஓடி, அங்கும் ஒரு கண் இருக்கிறதென்று அறிந்துகொள்வதே பரிவின் தொடக்கம். இருட்டுச் சாலையில் எதிரே வருபவனின் முகம் நமக்குத் தெரிவதில்லை. அவன் பெயரும் ஊரும் தெரிவதில்லை. அவனைப் பற்றி நாம் உறுதியாக அறிந்தது ஒன்றே ஒன்று: அவனுக்கும் போய்ச் சேர வேண்டிய வீடு உண்டு. நம் விளக்கைத் தாழ்த்த இது போதாதா?