நித்திய கர்மமும் குளிர்சாதனமும்

பலன் ஒன்றையும் தராத கர்மத்தை மனிதன் ஏன் செய்ய வேண்டும் என்னும் வினா, வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்களை நெடுங்காலம் வாட்டியதுண்டு. சுவர்க்கத்தையோ சந்ததியையோ வேண்டிச் செய்யும் காமிய கர்மத்துக்குப் பலன் உண்டு. சந்தியாவந்தனம் போன்ற நித்திய கர்மத்தாலோ புதிதாக எதுவும் கிட்டாது, செய்யாதொழிந்தால் மட்டும் பிரத்தியவாயம் என்னும் தோஷம் வந்து சேரும் என்பது பொதுவான கொள்கை. விதிக்கப்பட்டது என்பதற்காகவே அதைச் செய்க என்றனர் பிரபாகரர் மரபினர். முன்பே சேர்ந்த துரிதம் என்னும் பாவத்தைக் கரைப்பதே அதன் பயன் என்றனர் குமாரில பட்டரைப் பின்பற்றியோர். சங்கரரோ, செய்யாமை என்பது வெறும் அபாவமாயிற்றே, இல்லாத ஒன்றிலிருந்து தோஷம் எப்படிப் பிறக்கும் என்று தைத்திரீய பாஷ்யத்தில் வினவினார்.

கத்திரி வெயிலுக்கு முன்பாக ஏ.சி.யைச் சுத்தம் செய்ய ஸ்டூலின்மேல் ஏறும் கிருகஸ்தனுக்கும் இவ்வினா அந்நியமானதன்று. மின்சாரத்தை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, ஃபில்டரை உருவி, குழாய்நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மறுபடியும் மாட்டி முடித்த பிறகு அவன் அடைவது யாது? இயந்திரம் வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்புகிறது; அதற்குமேல் ஒன்றுமில்லை. செய்யாமல் விட்டாலோ, ஃபில்டரை அடைத்த தூசியால் காற்றோட்டம் குன்றி, காயிலின்மேல் நீர் பனிக்கட்டியாய் உறைகிறது. வடிகுழாயில் பாசி அடைத்து, வெளியேற வேண்டிய நீர் சுவர் வழியே அறைக்குள் ஒழுகுகிறது.

ஆயினும் அந்தத் தூசியைப் படைத்தது அவனுடைய சோம்பலன்று. 1902இல் புரூக்ளினில் இருந்த அச்சகம் ஒன்றில், ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்குவதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் வகுத்த ஏற்பாட்டிலிருந்து வளர்ந்த இக்கருவி, அறையின் காற்றையே திரும்பத் திரும்ப உள்ளிழுத்துக் குளிர்ந்த காயிலின்மேல் செலுத்துகிறது. காற்று குளிரும் அதே செயலில் தூசியும் தங்குகிறது. எனவே மாசு, வேலை செய்யாமையின் விளைவன்று, வேலையின் விளைவே. செய்யாமை தோஷத்தைப் பிறப்பிப்பதில்லை, முன்பே குவிந்த துரிதத்துக்கு அது அடையாளம் மட்டுமே என்று சங்கரர் கூறிய சமாதானம் இங்கே முற்றிலும் பொருந்துகிறது. நற்செயலும் தன் எச்சத்தை விட்டே செல்லுமாயின், அவ்வெச்சத்தைக் கழிக்கும் தொழிலொன்று நாள்தோறும் வேண்டும் என்ற குமாரில பட்டர் மரபினரின் கட்சியே எனக்கு உவப்பானது.

ஒன்று மட்டும் அக்கட்சியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, அறையின் வெப்பத்தை, தான் உண்ட மின்சாரத்தின் வெப்பத்தோடு கூட்டி வெளியே தள்ளுகிறது. அழுக்கேறிய இயந்திரம் அதே குளிர்ச்சிக்காக நெடுநேரம் ஓடி, மிகுதியான வெப்பத்தை அண்டை வீட்டுச் சன்னலுக்கும், தெருவோரத்தில் துணி தேய்ப்பவருக்கும் அனுப்புகிறது. ஒருவன் செய்யத் தவறியதன் பிரத்தியவாயத்தை வேறொருவர் அனுபவிக்க நேர்கிறது. நித்திய கர்மத்துக்குப் பலனே இல்லை என்று நமக்குத் தோன்றுவது, பலனைச் செய்தவனுடைய கணக்கில் மட்டுமே தேடுவதால்தான் போலும்.