சுங்கம் வாங்கியவர் கடன்

வள்ளுவர் பொருள் செயல்வகையில் சுங்கத்தை அரசனுக்கு உரிய பொருளாகவே எண்ணுகிறார். கொடுங்கோன்மை அதிகாரத்திலோ, கோலோடு நின்று கேட்கும் அரசனை வேல் பிடித்த வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிடுகிறார். இரண்டுக்கும் நடுவில் எல்லையை எங்கே போடுவது? தொகையின் அளவை வைத்துப் போட முடியாது; வாங்குபவன் எந்தப் பொறுப்பை ஏற்கிறான் என்பதை வைத்தே போட முடியும். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் 1244-இல் காகதீய மன்னன் கணபதிதேவன் பொறித்த சாசனம் இதற்குச் சான்று. புயலில் உடைந்து கரை ஒதுங்கும் கப்பலின் சரக்கை அதுவரை அரசர்கள் பறித்துவந்தார்கள். கணபதிதேவன் அந்த உரிமையைக் கைவிட்டு, முப்பதில் ஒரு பங்கு என்று வரையறுத்த சுங்கத்தோடு நின்றான். கப்பல் முழுதாக வரும்போது பங்கு பெற்றவன், அது உடைந்த நாளில் வணிகனைக் கைவிடக் கூடாது என்பதே அந்தச் சாசனத்தின் அறம்.

கடலே இல்லாத கோலார் தங்கவயலுக்கும் இந்த உரைகல் பொருந்தும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால்வைத்தது. வெட்டிய தங்கத்தின் மதிப்பில் நூற்றுக்கு 5 என்ற அளவில் மைசூர் அரசு ராயல்டி பெற்றது. சொல்லப்போனால் இந்தப் பொறுப்பு துறைமுகச் சுங்கத்தைவிடக் கனமானது. ஆயிரம் கப்பல் வந்துபோனாலும் துறை அங்கேயே இருக்கும்; எடுத்த தங்கமோ திரும்பி வராது. ஆகவே அந்த வருமானத்தில் சுரங்கம் மூடிய பின் வாழப்போகிறவர்களுக்கும் பங்கு உண்டு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். பாறை வெடிப்பில் பலர் மாண்டார்கள். பலருக்குக் கல்தூசி நுரையீரலைத் தின்றது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊருக்கு மிஞ்சியது சயனைடு மண்மேடுகளும், பிழைப்புக்காகப் பெங்களூர் ரயிலும்.

கூலி கொடுத்தாயிற்றே என்பார்கள். கூலி உழைப்புக்கான விலை. போன நுரையீரலுக்கு அல்ல. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததே என்பார்கள். அது முதலில் வந்தது சுரங்க எந்திரங்களுக்கு. பின்னாளில் அரசுடைமையாகி நட்டத்தில் ஓடிய சுரங்கத்தை அரசு எத்தனை காலம் சுமக்கும் என்ற கேள்வி இவற்றைவிட நியாயமானது. சுமக்க வேண்டாம், மூடலாம். ஆனால் நட்டம் வந்த நாள்தான் கப்பல் உடைந்த நாள். இத்தனை காலம் ராயல்டி வாங்கிய கை நீள வேண்டிய நாளும் அதுவே. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கு ராயல்டியோடு சேர்த்து ஒரு தொகை ஒதுக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளைச் சட்டம் 2015-இல்தான் வந்தது, சுரங்கம் மூடிப் பதினான்கு ஆண்டு கழித்து. இப்போது அந்த மண்மேடுகளிலிருந்தே மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்கத் திட்டமிடுகிறார்கள். அதிலும் அரசுக்கு ராயல்டி வரும். அந்தப் பணத்தில் முதல் பங்கு, மேட்டுத் தூசியை இத்தனை காலம் சுவாசித்த தொழிலாளர் லைன் வீட்டுக் குடும்பங்களுக்குச் சேர வேண்டும். மண்மேடுகளை ஏலம் விடும் நிபந்தனையிலேயே அதை எழுதிவிட வேண்டும்.