மிச்சம் பிடித்தது யாருடைய செலவில்?

மட்டக்களப்புக் கிரான் சந்தியில் நிற்கிற ஹயர் வான் ஒன்றின் முன்னால் போய்ப் பாருங்கள். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். கண்ணாடிக்குக் கீழே சாமிப் படம், அதற்கு மாலை, சில வேளை சின்ன மின்விளக்கு. இனிப் பின்னால் வாருங்கள். சைலன்சரின் வாய் கரி அப்பிக் கிடக்கும். எஞ்சினை ஒரு இழுப்பு இழுத்தால் கரும்புகை கிளம்பி, பின்னால் சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகத்தில் அடிக்கும்.

கண்ணேறு படாமல் இருக்க முன்னால் இத்தனை ஏற்பாடு செய்தவரிடம் ஒரு கேள்வி. அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?

கரும்புகை என்பது சரியாக எரியாத டீசல். பெற்றோல் செட்டில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அதே டீசல். பாதி எரிந்து கரியாகி வெளியே போகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012-இல் உறுதியாக அறிவித்துவிட்டது. ஆக, உங்கள் பையிலிருந்து போகிற காசும் அடுத்தவர் நெஞ்சுக்குள் போகிற நஞ்சும் ஒரே குழாயால்தான் வெளியே வருகின்றன.

“டீசல் மிச்சம் பிடிப்பதும் விடுவதும் என் பாடு. என் வான், என் காசு. இதற்குள் ஒழுக்கத்தை ஏன் இழுக்கிறாய்?” என்று கேட்பீர்கள். 2022-ஐ மறந்துவிட்டீர்களா? 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாய்க்கு அடித்த டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசையில் நின்றபடியே உயிர் விட்டவர்களும் இந்த நாட்டில் உண்டு. ஜூலையில் எரிபொருளைப் பங்கிடுகிற கியூஆர் அட்டை வந்தபோது ஒரு வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அன்றைக்கு ஒருவர் வீணாக எரித்த லீற்றர், இன்னொருவரின் உழவு மெசினுக்குக் கிடைக்காத லீற்றர். கர்ப்பிணி ஒருத்தியை வாழைச்சேனை வைத்தியசாலைக்கு ஏற்றிப்போக முடியாமல் போன லீற்றராகவும் அது இருந்திருக்கலாம். அந்த வரிசை பிறகு கலைந்தது. ஆனால் இலங்கை மண்ணில் எண்ணெய்க் கிணறும் இல்லை. எரிகிற ஒவ்வொரு துளியும் டொலர் கொடுத்துக் கப்பலில் வருகிறது. டொலர் தீர்ந்தால் என்ன நடக்கும் என்று நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சரி, மிச்சம் பிடிக்க வேண்டும். எப்படி? இங்கேதான் எலுமிச்சம்பழம் புது உருவம் எடுத்து வருகிறது. டீசல் குழாயில் காந்தம் கட்டுங்கள், மூலக்கூறு பிரிந்து நன்றாக எரியும் என்கிறார் ஒருவர். இந்த மருந்தை டாங்கியில் ஊற்றுங்கள், லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர் கூடும் என்கிறார் இன்னொருவர். அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இந்த மாதிரிக் கருவிகளில் நூற்றுக்கு மேற்பட்டதைச் சோதித்துப் பார்த்தது. பயன் தந்தவை மிகச் சில, அந்தப் பயனும் அற்பம். சாமிப் படத்தை நம்பாதவர்கூடக் காந்தத்தை நம்புகிறாரே, அது எப்படிப் பகுத்தறிவாகும்? விஞ்ஞானச் சொல்லைப் பூசிக்கொண்டு வந்தால் மூடநம்பிக்கை அறிவாகிவிடுமா?

இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஏபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு சவால் விட்டார். ஏமாற்று இல்லாத நிலையில் ஒரேயொரு அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்றார். 1978-இல் அவர் சாகும்வரை யாரும் அந்தக் காசை வாங்கவில்லை. காந்தம் விற்கிறவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்: எங்கே, அளந்து காட்டு பார்ப்போம்?

அளப்பது கடினமே இல்லை. டாங்கியைக் கழுத்து வரை நிரப்புங்கள். மீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமைபோல ஒரு கிழமை ஓடிவிட்டு, அதே செட்டில் அதே பம்பில் மறுபடியும் கழுத்து வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை அடித்த லீற்றரால் வகுத்தால் கணக்கு கையில். இதைச் செய்யாமலே “என்ட வான் பத்து ஓடும்” என்று அடித்துச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! அளக்காத எண்ணும் ஒரு நம்பிக்கைதான்.

நம் பகுதியில் இன்றும் ஓடுகிற டொல்பின் வான்களைப் பாருங்கள். 2.8 லீற்றர் எஞ்சின், கணினி எதுவும் கிடையாது, முழுக்க இயந்திரப் பம்ப். 2020-இல் வாகன இறக்குமதி நின்றபோது கிழட்டு வானே பொன்னானது. அந்த எஞ்சின் ஒளிவுமறைவு இல்லாதது. கறுப்புப் புகை என்றால் டீசல் மிதமிஞ்சிப் போகிறது, அல்லது காற்றுப் போதவில்லை. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எயார் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் தெரியாவிட்டால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. ஓடி நிறுத்தியதும் நாலு சில்லுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு கால் பிரேக்கில், ஒரு கால் அக்சிலேட்டரில் வைத்து நாள் முழுக்க ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். டயர்க் காற்று 1 பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் எரிபொருள் கூடச் செலவாகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் திணைக்களம். சின்ன எண்தான். காற்றடிக்க ஆகும் செலவு அதைவிடச் சின்னது. காற்றுக் குறைந்த டயர் சூடேறி வெடித்தால் உள்ளே இருப்பவர்கள் கொடுக்கிற விலையோ பெரிது.

இத்தனையும் தெரிந்தும் ஏன் செய்வதில்லை? சோம்பல் மட்டும் காரணமில்லை. வான் ஒருவருடையது, ஓட்டுகிறவர் இன்னொருவர். நாளுக்கு இவ்வளவு என்று உரிமையாளருக்குக் கட்ட வேண்டும், டீசல் சாரதியின் கணக்கு. டீசலைத் தெளிக்கிற நொசில் தேய்ந்து வான் லீற்றருக்கு எட்டுத்தான் ஓடுகிறது என்று சாரதி சொன்னால், “ஓடுதுதானே, ஓட்டு” என்று பதில் வருகிறது. நொசிலைச் செய்விக்கிற செலவு உரிமையாளருக்கு, செய்விக்காத செலவு சாரதிக்கு. நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடுகிற வான் பத்துக்குப் பதில் எட்டு ஓடினால் இரண்டரை லீற்றர் கூடுதலாகக் குடிக்கும். வருடத்தில் 300 நாள் ஓடினால் 750 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 2,25,000 ரூபாய் ஒரு கூலிக்காரனின் பையிலிருந்து போகிறது. அதோடு ஏறத்தாழ இரண்டு தொன் கரியமில வாயு. கோயில் திருவிழாவுக்கு உபயம் எழுதுகிற கை, நொசிலுக்கு ஏன் மடங்கிப் போகிறது?

இனி, மிச்சம் என்ற பெயரில் நடக்கிற திருட்டுகளுக்கு வருகிறேன். கண்டிக்கு ஹயர் போய்த் திரும்புகிற வான், மகியங்கனைப் பக்கம் 18 வளைவு மலைப்பாதையில் இறங்குகிறது. பின்னால் பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் தூக்கம். சாரதி நியூட்ரலில் போட்டு விடுகிறார், சில பேர் எஞ்சினையே நிறுத்துகிறார்கள். டீசல் மிச்சமாம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை தருகிற வெற்றிடப் பம்பும் நிற்கும். சில மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். இத்தனைக்கும், கியரில் விட்டு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் தன்னைச் சுற்ற வைத்துக்கொள்ள டீசல் குடிக்கும். அறியாமையால் மிச்சமும் இல்லை, பதினைந்து உயிர்களைப் பணயம் வைத்ததுதான் கண்ட பலன். அந்த உயிர்களிடம் அனுமதி கேட்டாரா?

மண்ணெண்ணெய் கலப்பது இன்னொன்று. 2022 ஆகஸ்ட் வரை லீற்றர் 87 ரூபாய்க்கு மண்ணெண்ணெய் விற்றதற்குக் காரணம் இருந்தது. வெளியிணைப்பு எஞ்சினோடு கடலுக்குப் போகிறவரும், மின்சாரம் இல்லாத வீட்டில் விளக்கேற்றுகிறவரும் பிழைக்கட்டும் என்று வைத்த விலை அது. ஆகஸ்ட்டில் அது ஒரேயடியாக 340 ஆனபோது முதலில் அடி விழுந்தது அவர்கள் மேல்தான். அந்த எண்ணெயை வானில் ஊற்றியவர் மீனவனின் சோற்றில் கை வைத்தார். டீசலின் வழவழப்பு மண்ணெண்ணெயில் இல்லாததால் தன் பம்பையும் தேய்த்துக்கொண்டார்.

புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் பம்பைக் குறைத்து, சான்றிதழ் வாங்கிய கையோடு மறுபடி கூட்டுகிற வித்தை ஊரறிந்தது. 2008-இல் அந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது உங்கள் பிள்ளையும் சுவாசிக்கிற காற்றுக்காக. யாரை ஏமாற்றினீர்கள்?

பாடசாலை வானை இரண்டு ஓட்டம் ஓட வேண்டிய இடத்தில் ஒரே ஓட்டமாக ஆக்கி, பிள்ளைகளை மடிமேல் மடியாக அடைப்பதற்கும் டீசலைத்தான் காரணம் காட்டுகிறார்கள். பாரம் கூடினால் டீசலும் கூடும், பிரேக் பிடிக்கிற தூரமும் கூடும். அதே வான் பிந்திவிட்டது என்று திருமலை வீதியில் 80-இல் பறக்கிறது. இருபது கிலோமீற்றரை 60-இல் ஓடினால் இருபது நிமிடம், 80-இல் ஓடினால் பதினைந்து. அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காற்றின் எதிர்ப்பை முக்கால் பங்குக்கு மேல் கூட்டிக்கொள்கிறீர்கள். பிறகு பாடசாலை வாசலில் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு அரை மணிநேரம் நிற்கிறீர்கள். மிச்சம் எங்கே?

கையில் காசில்லை என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. காற்றுப் பார்க்கவும், ஃபில்டரைத் தட்டவும், காலை மெல்ல வைக்கவும் காசு வேண்டாம். இழுத்து ஓட்டி இறுக்கிப் பிரேக் அடிக்கிற பழக்கம் நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை எரிபொருளைத் தின்னும். அதை விடுவதற்கு யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. காசு இருந்தும் செய்யாதவரோடுதான் சண்டை.

பெற்றோரோடும் ஒரு பேச்சு இருக்கிறது. எந்த வான் குறைந்த காசு என்று விசாரிக்கிறீர்கள். அந்தக் காசு எப்படிக் குறைந்தது என்று விசாரிக்கிறீர்களா? அடுத்த மாதக் காசைக் கையில் கொடுக்கும்போது சாரதியை அல்ல, உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நொசில் கடைசியாகப் பார்த்தது எப்போது? ஒரு ஓட்டத்தில் எத்தனை பிள்ளை? பதில் வரும்வரை காசைப் பையிலேயே வைத்திருங்கள்.