நடப்பு வட்டியும் நூறு நாள் கூலியும்

செட்டிநாட்டு நாச்சியாபுரத்து டீக்கடை பெஞ்சில் பொருளாதாரம் பேசப் பட்டம் எதுவும் வேண்டாம். "நூறு நாள் வேலைன்னு ஒண்ணு வந்தாலும் வந்துச்சு, களையெடுக்க ஆள் சிக்க மாட்டேங்குது" என்று ஒருவர் தொடங்கினால், "கவர்மெண்டு கை வச்சா எதுவும் இப்படித்தான்" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். கூலி என்பது இரண்டு பேர் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம், சம்பாதித்தது சம்பாதித்தவனுக்கு, அரசு திருடனைப் பிடித்தால் போதும். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் 1974இல் ஒரு கனத்த புத்தகத்தில் வாதாடியதும் ஏறக்குறைய இதைத்தான். லிபர்டேரியன்கள் என்று அழைக்கப்படுபவர்கள் இன்றும் அதை வைத்து மல்லுக்கட்டுகிறார்கள். செட்டிநாட்டுக்கு இந்தச் சண்டை புத்தகத்தில் வந்ததல்ல. அதன் இரு பக்கமும் பணம் போட்டுப் பார்த்த ஊர்கள் இவை.

நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் சம்பளத்தை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறியவர் அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு தாமே முதலாளியாவதும் உண்டு. இத்தனை வருஷம், இவ்வளவு சம்பளம் என்று சம்பளச் சீட்டு எழுதிக்கொள்வார்கள். அந்தத் தவணைக்குக் கணக்கு என்று பெயர்; ஒரு கணக்கு மூன்று வருஷம். ரங்கூன் மொகல் தெருவிலிருந்த செட்டியார் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். இந்தியாவுக்கு ரிசர்வ் வங்கி வந்ததே 1935இல்தான். அதற்கு முன்பே, அதிகாரி யாரும் இல்லாமல், கடல் கடந்து ஒரு பணச் சந்தை ஒழுங்காக நடந்திருக்கிறது. அரசே வேண்டாம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அது ஏன் நடந்தது? சீட்டு எழுதிய இருவரும் நகரத்தாரின் ஒன்பது குலக் கோயில்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவர்கள். ஏமாற்றினால் ஊரில் பெயர் கெடும், பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் யோசிப்பார்கள். போலீஸ் இல்லை என்பது உண்மை. கட்டுப்பாடு இல்லை என்பது உண்மையல்ல.

பர்மிய விவசாயிக்கும் செட்டியாருக்கும் நடுவே அப்படி எந்தக் கோயிலும் இல்லை. அங்கே இருந்தது பிரிட்டிஷ் கோர்ட்டு. 1852இல் கீழ் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயர், காடு வெட்டிக் கழனியாக்கியவர்களுக்குப் பட்டா உரிமை வர வழி செய்தார்கள். பட்டா வந்ததால் அடமானம் வந்தது, அடமானம் வந்ததால் கடன் வந்தது, கடனால் உலகின் பெரிய அரிசி ஏற்றுமதி நாடாக பர்மா ஆனது. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் நெல் விலையைக் குப்புறத் தள்ளியது. கீழ் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். சில ஆண்டுகளிலேயே அது 25 சதவீதத்தைத் தொட்டது. அவர்களுக்கு நிலத்தின் மேல் ஆசை கிடையாது, கேட்டது ரொக்கம். வந்தது நிலம். பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இருந்திருக்காது. ஆனால் தகப்பன் வெட்டிய கழனியில் குத்தகைக்காரனாக நின்றவனிடம் அந்தப் பத்திரத்தைக் காட்டி என்ன புரியவைக்க முடியும்?

1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1963இல் நே வின்னின் ராணுவ ஆட்சி வங்கிகளை எடுத்துக்கொண்டது. 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. இவற்றால் எல்லாம் இழந்து, கட்டிய துணியோடு ஊர் திரும்பக் கப்பலேறிய தமிழர்களில் செட்டியார்கள் மட்டுமா இருந்தார்கள்? மூட்டை தூக்கியவர்களும் வண்டி ஓட்டியவர்களும் இருந்தார்கள். அரசைக் கண்டு பயப்படுகிற நியாயம் அவர்களுக்கு அனுபவத்தில் வந்தது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு அரசின் பதிவேடு கொடுத்த உரிமையை இன்னொரு அரசின் கையெழுத்து அழித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தப் பயத்துக்குத் தமிழ்நாட்டில் கட்சி உருவம் கொடுத்தவர் ராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்று நேருவின் ஆட்சியைச் சாடினார். 1967இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. ஆனால் அவருடைய ஆதரவாளர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம் உண்டு. 1952இல் முதல்வராக வந்ததும் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கிய அதே ராஜாஜிதான், அதே ஆண்டில் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் கொண்டுவந்தார். மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் நடுவே நின்று, நினைத்தபோதெல்லாம் ஆளை விரட்ட முடியாது என்றது அந்தச் சட்டம். தஞ்சையைப் பார்த்தபோது, பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட அவருக்கும் மனம் வரவில்லை போலும்.

அங்கே பேசி முடிப்பது எப்படி இருந்தது என்பதை 1968 டிசம்பர் 25 காட்டியது. கூலி நெல்லைச் சற்றுக் கூட்டிக் கேட்ட தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். நியாயக் கூலிச் சட்டம் அடுத்த ஆண்டு வந்தது.

வேண்டாம் என்று எழுந்து போக முடிந்தவன் பேசுவதுதான் பேரம். பெட்டியடிப் பையனுக்குப் பின்னால் ஊரும் உறவும் இருந்தன. களையெடுக்கும் பெண்ணுக்கு என்ன இருந்தது? 2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதல் ஆறு மாவட்டங்களில் செட்டிநாடு இருக்கும் சிவகங்கையும் ஒன்று. அன்றைய கூலி 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இந்த மாநிலத்தில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். "ஆள் சிக்க மாட்டேங்குது" என்ற டீக்கடைப் புலம்பலுக்கு இன்னொரு அர்த்தம், அந்தப் பெண் முதன்முதலாக மறுத்துப் பேசியிருக்கிறாள் என்பது. நிலம் வைத்திருப்பவரின் நஷ்டமும் பொய்யல்ல. நெல் விலை அவர் கையில் இல்லை.

அரசுக்கு இதில் நற்சான்றிதழ் கொடுக்கவும் முடியாது. 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று அந்தத் திட்டத்தின் விதியே சொன்னது. ஆண்டுக் கணக்கில் 18 சதவீதம் சொச்சம், ரங்கூன் வட்டிக்குச் சளைத்ததல்ல. 300 ரூபாய் பாக்கிக்கு ஒரு நாளுக்கு 15 காசு. கூலியோ பல நேரம் கெடு தாண்டியே வந்தது. மொகல் தெருவில் இப்படித் தவணை தவறிய கடன்காரனுக்கு அடுத்த மாதம் யாரும் கடன் கொடுத்திருக்க மாட்டார்கள். கூலிக்காரப் பெண் மட்டும், கூலி நிலுவையில் நிற்கும்போதும், காலையில் மண்வெட்டியோடு போய்த் திரும்பவும் அதே கடன்காரனுக்குக் கடன் கொடுத்தாள்.